நாலு விரற்கடை

ஏழாவது வளைவில் டயர் வெடித்தபோது காசியம்மாள் புருஷனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அமரர் ஊர்தி ஒரு பக்கம் சாய்ந்து, தார்ரோட்டை உரசிக்கொண்டே போய் மண்மேட்டில் முட்டி நின்றது. அவளுடைய முழங்கை இரும்பில் பட்டுத் தோல் கழன்றது. தலையை மட்டும் விடவில்லை. பதினோரு நாளாகப் பெரியாஸ்பத்திரியில் தூங்காமல் கிடந்தவளுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்ததோ, அவளுக்கே தெரியாது.

வண்டியை ஓட்டிவந்த அருள்குமார் தர்மபுரிக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இறங்கிப் பார்த்துவிட்டு வந்து பின்கதவைத் திறந்தான். பின்பக்க இடது டயர் கிழிந்து தொங்குகிறது என்றான். ஸ்டெப்னி இருக்கிறதாம், ஆனால் அது நேற்றே பஞ்சராம். அடுத்தடுத்துச் சாவு, ஒட்டவைக்க நேரமே வாய்க்கவில்லை என்று தலையைச் சொறிந்தான். நல்ல ஆளைப் பிடித்தோம் போ, என்று நினைத்தாள். திட்ட வாயெடுத்தவள், அதற்கும் தெம்பு வேண்டுமே என்று மூடிக்கொண்டாள்.

மணி மூன்றரை. மேலே வத்தல்மலையில் குழி வெட்டி முடித்தாயிற்று என்று மகள் சுசித்ரா மத்தியானமே போனில் சொல்லிவிட்டாள். அவர்கள் சனத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் மண்ணுக்குள் வைக்கமாட்டார்கள். நாளை விடியும்வரை தாங்குமா? ஈரல் கெட்டு ஊதிப்போன உடம்பு. மூக்கில் வைத்த பஞ்சு இப்போதே நனைந்திருந்தது. தீர்த்தகிரி பொணத்துக்கிட்ட நிக்க முடியல என்று ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. இனி அந்த மனுஷனுக்கு அவள் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சீக்கிரம் போப்பா, சீக்கிரம் போப்பா என்று விரட்டிக்கொண்டு வந்ததும் அதற்காகத்தான்.

அருள்குமார் நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பார்த்தான். வேறு வண்டி வந்து சேர இரண்டரை மணி நேரமாவது ஆகுமாம். இதற்கு அஞ்சு போல்ட்டு வீல், மேலே யாரிடமாவது ஜீப்பு இருந்தால் அந்த வீல் சேர்ந்தாலும் சேரும் என்றான்.

ஜீப்பு இருந்தது. யாரிடம் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தீர்த்தகிரியும் அவருடைய அண்ணன் பெரியண்ணனும் ஒரே ஜீப்பை வைத்து மலைக்கும் அடிவாரத்துக்கும் ஆள் ஏற்றிப் பிழைத்தவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரம் யார் எல்லையில் நிற்கிறது என்று பேச்சு ஆரம்பித்தது. ஆம்பிளைகள் இரண்டு பேரும் கத்தி ஓய்ந்த பிறகும் காசியம்மாள் ஓயவில்லை. எங்க வூட்டுச் சாவுக்குக்கூட நீங்க வரப்படாது என்று நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் மாதிரி பெரியண்ணன் அதற்குப் பிறகு வாசல் பக்கமே வரவில்லை, சுசித்ராவின் கல்யாணத்துக்கும் வரவில்லை. இன்று சேதி சொல்லக் கிளம்பிய மகளிடமும் அந்த ஒரு வீட்டை விட்டுவிடச் சொல்லியிருந்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் இப்போது போன் போட்டாள். எடுத்தவர் “ம்” என்றார்.

“மாமா, நான் காசியம்மா பேசறேங்க.”

அழுவதா, காலில் விழுவதா, சாவுச் சேதி சொல்வதா என்று தடுமாறி, கடைசியில் டயர் வெடித்ததைத்தான் சொன்னாள். ஏழாவது வளைவு, அஞ்சு போல்ட்டு, ஸ்டெப்னி இல்லை. சொல்லி முடித்ததும் அவளுக்கே கூசியது. ஆறு வருஷம் கழித்துப் பேசுகிற பேச்சா இது.

சாவுச் சேதி ஊர் வழியே அவருக்கு எட்டியிருக்க வேண்டும், வேறெதையும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு வீல் கிடக்கிறது என்றார். ஒன்று பழைய ஜீப்பில் இருப்பது, இன்னொன்று பிக்கப்பின் ஸ்டெப்னி. பிக்கப் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது, பைக்கில் ஒரு வீலைத்தான் கட்டிக் கொண்டுவர முடியும். இரண்டிலும் அஞ்சு ஓட்டைதான், ஆனால் ஓட்டைக்கு ஓட்டை தூரம் வேறு. தப்பானதைக் கொண்டுவந்தால் திரும்பிப் போய் வருவதற்குள் இருட்டிவிடும். ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து அடுத்த போல்ட்டின் நடுவுக்கு எத்தனை விரற்கடை என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

அருள்குமார் ஜாக்கிக்கு அடியில் வைக்கக் கல் தேடிப் போயிருந்தான். காசியம்மாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சக்கரத்தருகே குந்தி, விரல்களை ஒட்டி வைத்துப் பார்த்தாள். நாலு விரல் போக அரை விரல் இடம் மிஞ்சியது.

“நாலரைங்க மாமா.”

“அப்பப் பிக்கப்போடது.” வைக்கப்போனவர் நிறுத்தினார். “யாரு கையில அளந்த?”

“எங்கையிலதாங்க.”

 

“உன் வெரலு சின்னது. அவன் கையில வெச்சுப் பாத்துச் சொல்லு. எனக்கும் அவனுக்கும் ஒரே கையி.”

ஓரத்தில் ஒரு புல் தண்டைப் பிடுங்கி, போல்ட்டு இடைவெளிக்கு ஒடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். நெஞ்சின்மேல் இரண்டு கையையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்க்காமல் மேலாக இருந்த வலது கையின் விரல்களுக்குக் குறுக்கே தண்டை வைத்தாள். ஆட்காட்டி விரலின் ஓரத்தில் தொடங்கி சுண்டு விரலின் ஓரத்தில் முடிந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கை ஜில்லென்று இருந்தது. எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அவரும் போனை வைக்கவில்லை.

“நாலுங்க, மாமா. சரியா நாலு.”

“ஜீப்புதுதான்,” என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். தலை பூராவும் நரைத்திருந்தது. பைக்கின் பின்னால் கயிற்றில் கட்டியிருந்த வீலை இறக்கி உருட்டிக்கொண்டு வந்தவர், வண்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கிழிந்த டயரைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்ததைத் தூக்கி வைத்து முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். அஞ்சு ஓட்டையும் அஞ்சு போல்ட்டில் போய் உட்கார்ந்தன. கையால் சுற்றிவிட்டு, உள்ளே வில்பட்டையிலோ பிரேக் டிரம்மிலோ உரசுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். உரசவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக நட்டை முடுக்கினார். மற்ற வீலைவிடக் கொஞ்சம் உயரம்தான், நிதானமாகப் போனால் ஏறிவிடும் என்று அருள்குமாரிடம் சொன்னார்.

கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“கடைசில பேச்சு இருந்துச்சா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யார் வந்து பார்த்தார்கள்? காசியம்மாளுக்கு அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதையும் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் நடப்பது என்று மலைப்பாக இருந்தது.

“மூணு தடவ கேட்டாருங்க. அண்ணனுக்கு ஒரு போன் போடுன்னு. நாந்தான் டவர் கெடைக்கலன்னு சொல்லிட்டேன்.” தோல் கழன்ற முழங்கையை முந்தானையால் அழுத்திக்கொண்டாள். “கெடச்சுதுங்க மாமா.”

அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள். பெரியண்ணன் ஸ்பேனரை எடுத்துக் குனிந்து, ஏற்கெனவே முடுக்கியிருந்த நட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தார். அஞ்சையும் பார்த்து முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தார்.

“நீ முன்னாடி போயி உக்காரு.”

அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பைக் அங்கேயே ஓரத்தில் நின்றது, சாவியைக்கூட அவர் எடுக்கவில்லை. காசியம்மாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முதுகு சாய்க்க ஓர் இடம் கிடைத்தே பதினோரு நாள் ஆகியிருந்தது. உடம்பின் எலும்பெல்லாம் தனித்தனியாக வலித்தது.

வெயில் எதிர்மலையின் உச்சிக்குப் போய்விட்டது. இன்னும் பதினைந்து வளைவுக்கு மேல் இருந்தது. பொழுதுக்குள் சேர்த்துவிடுகிறேன் என்று அருள்குமார் வேகத்தைக் கூட்டினான். பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. அழுகை இல்லை, யாரோ யாரிடமோ ஊர்க்கதை சொல்கிற மாதிரித் தணிந்த குரல். இஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“மெதுவாவே போப்பா,” என்றாள்.

“பொழுது எறங்குதேக்கா.”

“எறங்கட்டும்.”

அவன் கியரைக் குறைத்தான்.