ஒன்றரை முழக் கம்பி

கோட்டையூர் தேனம்மை ஆச்சி வீட்டுக் காருக்குள் வீரணன் இழுத்த கம்பி ஒன்றரை முழந்தான் இருக்கும். அரிசி ஆலைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் பர்லாங் கணக்கில் கம்பி இழுத்த கை அது. அதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த ஒன்றரை முழம் மட்டும் வலது உள்ளங்கையில் குறுக்கே தழும்பாகக் கிடக்கிறது. சோறு பிசையும்போதெல்லாம் தட்டுப்படும்.

எழுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். காரைக்குடியில் பாட்டரிக் கடை ஒன்றில் வீரணன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது வரை ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவன். முதுகு பிசகிய பிறகு ஆசிட் ஊற்றும் வேலைக்கு வந்து, பக்கத்தில் நின்று பார்த்தே கம்பி வேலையையும் ரேடியோ வேலையையும் பழகிக்கொண்டான். அன்று காலை ஆச்சி வீட்டு டிரைவர் கோட்டைச்சாமி சைக்கிளில் வந்து இறங்கினான்.

"வீரணா, கருவியெல்லாம் எடுத்துக்க. எங்க வண்டி ரேடியோவுக்கு வயித்தைக் கீறணுமாம்."

"என்ன சீக்கு அதுக்கு?"

"சீக்கு ஒண்ணுமில்லைடா. செத்துப்போன மனுசரு அதுல பேசணுமாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சிரிப்பு வாயைத் தாண்டவில்லை.

தேனம்மை ஆச்சியின் வீட்டுக்காரர் பதினொரு வருஷத்துக்கு முன்னால் மலேயா போனவர். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன ஐப்பசியில் ஈப்போவில் இறந்தார். எரித்ததும் அங்கேதான். தைக் கடைசியில் ஒக்கூர் ஏகப்பன் என்பவர் கப்பலில் வந்து இறங்கி, ஒரு சின்ன டேப் ரெக்கார்டரையும் ஒரே ஒரு கேசட்டையும் ஆச்சியின் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் பேசியது. வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். ஆச்சி அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆச்சி, வீட்டு ரேடியோவிலேயே மாட்டிடலாமே. சுளுவா முடிஞ்சுபோகும்" என்றான் கோட்டையூர் வந்து சேர்ந்த வீரணன்.

"வேண்டாம்டா. அவுக இந்த வண்டியில ஏறித்தான் டேசனுக்குப் போனாக. இதுலதான் திரும்பி வரணும். வெள்ளிக்கிழமை அவுகளுக்கு மொதப் படைப்பு. வேட்டி துண்டு வச்சுக் கும்பிடுறதுக்கு முன்னாடி ஆளு வீட்டுக்குள்ள வந்து சேர வேண்டாமா? டேசன் வாசல்ல பேச்சைத் தொடங்கணும். நம்ம வீட்டு வாசல் வரைக்கும் அவுக பேசிக்கிட்டே வரணும்."

வீரணன் கருவிப் பையைக் கீழே வைத்தான். "அன்னைக்கு அவுக பெட்டியைத் தூக்கி ரயில்ல வச்சவன் நாந்தான் ஆச்சி. நீங்க வண்டியை விட்டு இறங்காம உக்காந்திருந்தீக."

ஆச்சி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நீதானா அது? அப்ப நீ அனுப்பி வச்ச ஆளை நீயே கொண்டாந்து சேரு. ஒண்ணு மட்டும் சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் குரல் யாரு காதுலயும் விழக் கூடாது. எங் காதுலயும்தான்."

வீரணன் வாக்குக் கொடுத்தான்.

அது அமெரிக்காக் கார். யானை மாதிரி கொட்டகையில் நின்றது. வாங்கும்போதே கம்பெனியில் வைத்து அனுப்பிய வால்வு ரேடியோ அதில் இருந்தது. கொழும்பு ஸ்டேஷனை எடுக்கும், மதுரையை எடுக்கும். வெளியிலிருந்து ஓசை வாங்கிக்கொள்ள அதில் ஒரு துளைகூடக் கிடையாது. சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகின் பின்னால் மூன்று கால் இருக்கும். அதில் ஓசை வந்து ஏறுகிற காலில் ஒரு கம்பியைப் பற்றவைத்து வெளியே இழுத்தால், ரெக்கார்டரின் ஓசை அந்த வழியாக உள்ளே புகும். வேலை அவ்வளவுதான்.

டேப் ரெக்கார்டரின் சொந்த ஸ்பீக்கர் கிழிந்து கிடந்தது. செல் வைக்கிற குழியும் பச்சை பூத்து ஸ்பிரிங் அற்றுப் போயிருந்தது. அதனால் கார் பாட்டரியிலிருந்தே கரண்டு கொடுக்க வேண்டியிருந்தது. நாலு செல் சேர்ந்தால் ஆறு வோல்ட்; அந்தக் காரின் பாட்டரியும் ஆறு வோல்ட். பொருத்தம் பார்க்காமலே அமைந்த சம்பந்தம் என்று வீரணன் நினைத்துக்கொண்டான்.

முதல் நாள் அந்தக் கரண்டு வேலையைச் செய்தான். ஆச்சி கேசட்டை எடுத்துக்கொண்டு வெறும் ரெக்கார்டரை மட்டும் கொடுத்தாள். சாவித் துவாரத்துப் பக்கத்திலிருந்து ஒரு கம்பியும் வண்டியின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு கம்பியும் எடுத்து, எல்லா வண்டியிலும் கொடுக்கிற மாதிரியே கொடுத்தான். ஓடவில்லை. இரண்டையும் மாற்றிக் கொடுத்தான். சக்கரம் சுற்றியது.

ஏன் மாற்ற வேண்டி வந்தது? அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். நெற்றிப்பொட்டில் ஏதோ ஒன்று வந்து தட்டவும் செய்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது.

ஆச்சியின் மகன் அழகுசுந்தரம். அப்பச்சி என்று அவர் கூப்பிடும் அப்பா இறந்த பிறகு ஈப்போ போய் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு வந்தவர். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வீரணன், இது ஓடுமா?"

"ஓடும் மொதலாளி."

"ஓடாமப் போகவும் செய்யுமா?"

வீரணன் நிமிர்ந்து பார்த்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை. வியர்த்திருந்தது.

"அங்க அவரு வீட்டுல நான் யாரு யாரைப் பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும். ஆத்தாவுக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்லது. அப்பச்சி கடைசி நேரத்துல மனசு கேக்காம அதுல எல்லாத்தையும் கொட்டியிருப்பாரு. சாவி ஆத்தா இடுப்புல இருக்கு. உன் கையிலதான் இருக்கு வழி. ஒரு கம்பி அந்துபோச்சுன்னா யாரு கேக்கப்போறா?"

"ஆச்சிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் மொதலாளி."

"பதினோரு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தவுகடா. அதுக்குப் பலன் இதுவா இருக்க வேண்டாம்."

"நான் மூட்டை தூக்குன காலத்துலகூட அடுத்தவுக சரக்கைக் கீழ போட்டதில்லை. என்னைய விட்டுருங்க."

அழகுசுந்தரம் போய்விட்டார். செருப்புச் சத்தம் வீட்டு வளவு வரைக்கும் கேட்டது. எதைப் பற்றி யோசிக்க நினைத்தோம் என்பது வீரணனுக்கு மறந்துவிட்டது. சக்கரம் மட்டும் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு ரெக்கார்டரை ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் ரேடியோவைக் கழற்றி, திருகின் காலில் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். கம்பியைச் சுற்றி வருகிற வலைப் பின்னலை ரேடியோவின் தகட்டில் ஒரு திருகாணிக்கு அடியில் கொடுத்து முறுக்கினான். தகட்டில் பழைய பெயிண்டு கெட்டியாக இருந்தது. சுரண்டாமலே முறுக்கினான். பிறகு ரேடியோவைப் போட்டு, வால்வு சூடாகும் வரை காத்திருந்து, கம்பியின் நுனியை விரலால் தொட்டான். ரேடியோக்காரர்கள் எல்லாரும் செய்து பார்க்கிற சோதனை அதுதான். ஓசை வழி சரியாக இருந்தால் ஆள் உடம்பே இரையும்.

'ங்ங்ங்' என்று கார் முழுக்க இரைந்தது. விரலை எடுத்தான், நின்றது. தொட்டான், இரைந்தது. காருக்குள் அவனைத் தவிர இன்னொருவர் உட்கார்ந்து முனகுவது போலிருந்தது. அவசரமாக ரேடியோவை நிறுத்தினான்.

கரண்டு வழியில், கரண்டு மிஞ்சினால் தானே அறுந்து காப்பாற்றுகிற பியூஸ் ஒன்று வைக்க வேண்டும். அசல் பியூஸ் கம்பி மெலிசு. மேடு பள்ளத்தில் ஆடி அறுந்தால் பேச்சு பாதியில் நின்றுபோகும். ஆச்சிக்கு அப்படி ஆகக் கூடாது. செம்புக் கம்பியை நாலு இழை சேர்த்து முறுக்கி வைத்தான்.

சாயங்காலம் ஆச்சி கேட்டாள். "எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் ஆச்சி."

பொய் இல்லை. கரண்டைப் பார்த்தான், ஓடியது. ஓசை வழியைப் பார்த்தான், இரைந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்க்கவில்லை. ரெக்கார்டர் ஆச்சியின் பெட்டிக்குள் இருந்தது. அதை இன்னொரு தரம் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மகன் சொன்னதைக் கேட்டுத்தான் திரும்ப வாங்குகிறானோ என்று தன்னைத் தானே சந்தேகப்பட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரைக்குடி ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. பின்சீட்டில் ஆச்சியும் அழகுசுந்தரமும். முன்னால் கோட்டைச்சாமியும், மடியில் ரெக்கார்டரோடு வீரணனும். ஆச்சி மடிசஞ்சிப் பையைத் திறந்து கேசட்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, முன்பக்கமாக நீட்டினாள். கை ஆடவில்லை.

வீரணன் ரேடியோவைப் போட்டான். வால்வு சூடேறியது. கரண்டு பின்னைச் சொருகினான். ஓசைப் பின்னைச் சொருகினான். பொத்தானை அழுத்தினான்.

முதலில் வெறும் இரைச்சல். நேற்று அவன் விரலிலிருந்து கிளம்பிய அதே 'ங்ங்ங்'. இவ்வளவு இரைச்சல் வரக் கூடாதே என்று நினைத்தான். கார் நகர்ந்தது. இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு இருமல் வந்தது. இருமி முடித்து, தொண்டையைச் செருமி,

"தேனு" என்றது.

கோட்டைச்சாமியின் கால் பிரேக்கில் தானாக அழுந்தியது. ஆச்சி, "நிப்பாட்டாதே. ஓட்டு" என்றாள்.

"தேனு, நான் பேசுறேன். வீட்டுல எல்லாம் சௌக்கியமா? கிணத்தடி முருங்கை நிக்குதா?"

"நிக்குது" என்றாள் ஆச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

வீரணன் முன்னால் இருந்த முள்ளைப் பார்த்தான். பாட்டரிக்கு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டுகிற முள். அதைப் பார்த்ததும் முந்தாநாள் மாற்றிக் கொடுத்த இரண்டு கம்பியும் திடீரென்று மனசில் வந்து நின்றன. எல்லா வண்டியிலும் இரும்பு உடம்பு பாட்டரியின் கழித்தல் முனை. இந்த வண்டியில் மாற்றிக் கொடுத்தால்தான் ஓடியது. அப்படியென்றால் இதற்கு உடம்புதான் கூட்டல். ரேடியோவின் தகடும் கூட்டல். ரெக்கார்டரின் ஓசைப் பின்னலோ கழித்தல். இரண்டையும் அவனே ஒரு திருகாணிக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறான். இதுவரை வெடிக்காமல் இருக்கிறதென்றால் நடுவில் அவன் சுரண்டாமல் விட்ட அந்தப் பெயிண்டு ஒன்றுதான் காவல்.

உடனே பிடுங்கிவிடலாம். ஒரு இழுப்பு. பின்னால் மகன் இருக்கிறார். இப்போது பிடுங்கினால், ஆச்சிக்கு நாளைக்கு என்ன தோன்றும்? மாட்டிக் கேட்க வேறு நாளும் இருக்கிறது என்று சொன்னால் நம்புவாளா?

"ஒரு சமாச்சாரம் சொல்லணும் தேனு. மனசைத் திடப்படுத்திக்க."

கண்ணாடியில் அழகுசுந்தரத்தின் முகம் தெரிந்தது. அவர் ரெக்கார்டரைப் பார்க்கவில்லை. வீரணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே ரயில்வே கேட் திறந்து கிடந்தது.

"மெதுவா ஏத்து, கோட்டைச்சாமி!" என்று வீரணன் கத்தினான். ஓசைப் பின்னைப் பிடுங்கக் கை போயிற்று.

"இங்க எனக்கு" என்றது குரல்.

முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறித் துள்ளியது. 'டப்'பென்று ஒரு வெளிச்சம். ஒன்றரை முழக் கம்பி நெடுகச் சிவந்து, தோல் உருகிப் புகைந்தது. வீரணன் அதைக் கையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். சதை தீய்ந்த வாடை அடித்தது. கம்பி அறுந்து வந்தது. மடியில் இருந்த ரெக்கார்டரின் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு மாதிரி தீ எழும்பியது. துண்டைப் போட்டு அமுக்கினால் அணைகிற தீதான். அவன் தோளிலிருந்து துண்டை உருவிவிட்டான்.

அதற்குள் பின்னாலிருந்து அழகுசுந்தரத்தின் கை வந்தது. "தீ, தீ!" என்று கத்திக்கொண்டே ரெக்கார்டரைப் பறித்து வெளியே எறிந்தார். கோட்டைச்சாமி வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்து இறங்கிப் போய், சரளைக்கல்மேல் கிடந்ததைச் செருப்புக்காலால் மிதித்தார். தீ அணைந்தது. அதற்குப் பிறகும் மிதித்தார். கேசட்டு உடைந்து, நாடா சுருண்டு காற்றில் தண்டவாளத்தின் மேல் ஓடியது.

கேட்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். கோட்டைச்சாமி பானெட்டைத் திறந்தான். பாட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற பட்டைக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. வீரணன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். அந்தப் பட்டைக்குப் பக்கத்தில், ஈயத்தில், கூட்டல் குறி. பாட்டரியை மூடியிருந்த கோணிப்பையை விலக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அழகுசுந்தரம் வந்து அவன் தோளில் கை வைத்தார். வேலைக்காரன் தோளில் அவர் கை வைத்து யாரும் பார்த்ததில்லை.

"மறக்க மாட்டேன் வீரணன்" என்றார் மெதுவாக.

"மொதலாளி, நான் செய்யல. இது தவறிப்போச்சு."

"அப்படியே சொல்லு. நல்லது."

வீரணன் திரும்பினான். ஆச்சி காரை விட்டு இறங்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக மகனின் கையைப் பார்த்தாள். அது இருந்த தோளைப் பார்த்தாள். கை எடுக்கப்படும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வீரணா, இங்குட்டு வா."

போனான்.

"பாத்துட்டேன்னு சொன்னியே?"

"பாத்தேன் ஆச்சி. தனித்தனியாப் பாத்தேன். சேத்துப் பாக்கலை." அழுகை வந்துவிட்டது. "ஆத்தா மேல சத்தியமா ஆச்சி."

ஆச்சி அவன் வெந்த கையைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். அது இன்னும் அணையவில்லை. வால்வு சூட்டில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"அதை அமத்தாதே" என்றாள். "வண்டியை எடு கோட்டைச்சாமி. வீட்டு வாசல் வரைக்கும் அது அப்படியே வரட்டும். அழகு, நீ நடந்து வா."

கோட்டைச்சாமி வண்டியை எடுத்தான். ஆச்சி வீரணனை ஏறச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவன் கேட்டுக்கு இந்தப் பக்கமும் மகன் அந்தப் பக்கமும் நின்றார்கள். கார் கோட்டையூர்ப் பாதையில் போய் மறைகிற வரைக்கும் அந்த இரைச்சல் கேட்டது.