மாத்திரையை விட்ட மாதங்கள்

துணி வெட்டும் கூடத்தில் அவளுக்கு மாஸ்டரம்மா என்று பெயர். ஆண்கள் மட்டுமே நின்ற மேஜைக்கு ஒரு பெண் வந்தாளே என்று கிண்டலாக ஆரம்பித்த பெயர்தான். கை சுத்தம் தெரிந்த பிறகு மரியாதையாகவே ஒட்டிக்கொண்டது. சாண் உயரத்துக்கு அடுக்கிய துணியை, மேலே வைத்த மாதிரி அட்டையின் ஓரம் பிடித்து, மெஷின் கத்தியால் ஒரே ஓட்டமாக அறுத்துக்கொண்டு போவாள். மேல் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் வராது.

அந்தக் கை போன வருஷம் அவளைக் கைவிட்டது.

வயது நாற்பத்தேழு. மாதவிடாய் தோன்றினால் வரும், தோன்றாவிட்டால் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு தீ கிளம்பி முகம் வரை ஏறும். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். தூக்கம் என்பதே மறந்துபோயிற்று. 'கத்தரி' என்ற வார்த்தை வராமல், கையில் அதைப் பிடித்துக்கொண்டே "அந்த... அந்த இதை எடு" என்று திணறினாள். கணவர் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூட ஆத்திரத்தைக் கிளப்பியது. பாவம் அந்த மனிதர், டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் குடிக்கப் பழகினார்.

ஒருநாள் சட்டையின் பின்பக்கத்துக்கு முன்பக்க மாதிரி அட்டையை வைத்து ஒரு அடுக்கு முழுவதையும் அறுத்துத் தள்ளிவிட்டாள்.

"வயசாயிடுச்சும்மா. கொஞ்ச நாள் பிசிறு வெட்டுங்க," என்றார் சூப்பர்வைசர். அவருக்கு அவளைவிட ஐந்து வயது கூட.

பிசிறு வெட்டும் பெஞ்சு என்றால் தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அங்கே உட்கார்ந்த முதல் வாரத்திலேயே, செத்துப்போனால்கூடத் தேவலை என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் எப்படிச் சாவது என்றும் யோசித்தாள். அந்த யோசனை அவளையே பயமுறுத்தியதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா விளக்கமாகத்தான் சொன்னார். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம் இது, உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்கி ஆட்டம் போடுகிறது, மருந்து உண்டு. தினமும் மேற்கையில் தடவ ஒரு ஜெல். மாதத்தின் பின்பாதியில் மட்டும், படுக்கப் போகுமுன் ஒரு மாத்திரை. ஆனால், தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டவுடனேயே மாஸ்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதி காதில் விழுந்தது, பாதி அழுகையில் போயிற்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

எதையும் மறக்கக் கூடாது என்பதற்காகக் காலையில் குளித்தவுடன் இரண்டையும் சேர்த்தே முடித்துக்கொள்வாள். ஜெல் கையில், மாத்திரை வாயில். பின்பாதி நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தாள். பிசிறு வெட்டுகிறவள் தூங்கினால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

சில வாரங்கள் போயின. தீ அடங்கியது. ஒருநாள் விடிந்தபின் கண்விழித்தவள், நடுவில் ஒருமுறைகூட எழவில்லை என்பதை நம்ப முடியாமல் படுக்கையிலேயே கிடந்தாள். வார்த்தைகள் திரும்பி வந்தன. மூன்றாம் மாதம் சூப்பர்வைசர் ஒரு சின்ன அடுக்கைக் கொடுத்துச் சோதித்துவிட்டு, "சரி, ஏறுங்க மேஜைக்கு," என்றார்.

ஏறிய இரண்டாம் வாரம் மாத்திரை நாட்கள் தொடங்கின. கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. இடக்கையில் போட்டிருந்த இரும்பு வலையுறையில் கத்தி உரசி 'கிரீச்' என்ற பிறகுதான் விழித்தாள். உறை இல்லாவிட்டால் இரண்டு விரல் துணியோடு துணியாகப் போயிருக்கும்.

அன்று சாயங்காலமே அடுத்த தெருவிலிருந்த அக்காவிடம் ஓடினாள். அக்கா இரும்புச் சாமான் கடையில் பில் போடுகிறவள். இரண்டு வருஷமாக அதே ஜெல்லைத் தடவி வருகிறவள்.

"மாத்திரையா? எனக்கு எவளும் மாத்திரை குடுக்கலையே. வெறும் ஜெல்தான். குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பாரு."

"டாக்டர் எழுதியிருக்காங்களேக்கா."

"எழுதுவாங்க. நாலு ஐட்டம் சேர்த்து எழுதினாத்தானே பெரிய டாக்டர். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புடி. ஒத்துக்காததை ஏன் முழுங்குற?"

ஒரே உடம்புதான். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே அளவு. இன்றுவரை அக்காவுக்குச் சட்டை வெட்டினால் துணியை இரட்டையாக மடித்துப் போட்டுத் தனக்கும் சேர்த்தே வெட்டிவிடுவாள். ஒருமுறைகூடப் பிடித்ததில்லை, தளர்ந்ததில்லை. ஒருத்திக்குப் பொருந்துவது மற்றவளுக்கும் பொருந்தும் என்பதில் இருவருக்குமே சந்தேகம் வந்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன் கட்டி வந்து அக்காவின் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்து பார்த்துக்கொண்டவள் மாஸ்டரம்மாதான். அதற்கும் இந்த மாத்திரைக்கும் முடிச்சுப் போட இருவருக்கும் தோன்றவில்லை.

மாத்திரையை விட்டாள். கண் தெளிந்தது, கத்தி நேராக ஓடியது. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு மாதமும், "ஜெல் மட்டும் போதுமா?" என்பார். "மாத்திரை வீட்ல இருக்கு," என்பாள். பொய்யில்லை. ஒரு பெட்டி நிறைய இருந்தது.

பிறகு ரத்தம் வரத் தொடங்கியது. முதலில் கறையாக. அப்புறம் நாள் கணக்கில்லாமல். மேஜையில் துணி விரிக்கிற தோழியிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னாள்.

"ஐயையோ! போய்ச் சொன்னீங்கன்னா முதல் வேலையா அந்த ஜெல்லைத்தான் நிறுத்துவாங்க. எங்க அண்ணிக்கு அப்படித்தான் நிறுத்தினாங்க."

அந்த ஒரு வாக்கியம் அவள் வாயைத் தைத்துவிட்டது. ஜெல் போனால் தூக்கம் போகும். தூக்கம் போனால் கை போகும். மறுபடி அந்தப் பெஞ்சு, மறுபடி அந்த யோசனை. டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நாளில், "எல்லாம் நல்லா இருக்குங்க," என்று சிரித்துவிட்டு வந்தாள். கறுப்பு உடையாகவே உடுத்தினாள். படியேறினால் மூச்சு வாங்கியது. கண்ணாடியில் முகம் வெளிறித் தெரிந்தது. இது கேன்சராகத்தான் இருக்கும், உள்ளே ஏதோ முற்றுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் தினமும் காலையில் ஜெல்லைத் தடவினாள். ஒருநாள் குறைந்தால்கூடத் தீ திரும்பிவிடுமோ என்று மூடியில் ஒட்டியதையும் விரலால் வழித்துத் தடவினாள்.

வெள்ளைத் துணி அடுக்கு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது கால் வழியே சூடாக இறங்கியது. செருப்பு வழுக்கியது. கத்தியை நிறுத்த வேண்டும் என்ற நினைவு மட்டும் இருந்தது, நிறுத்தினாள். அப்படியே மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோழி தன் மேல்துணியை உருவி அவள் இடுப்பில் சுற்றினாள். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "வண்டி கூப்பிடுங்க! யாராவது வண்டி கூப்பிடுங்க!" என்று கத்தினார்.

தகவல் தெரிந்து கடையிலிருந்து ஓடிவந்த அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மாஸ்டரம்மா அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

"மாத்திரையை விட்டேன்னு சொல்லிடாதக்கா."

"ஏண்டி?"

"சொல்பேச்சு கேக்காதவன்னு மருந்தையே நிறுத்திடுவாங்க. கும்பிடறேன், சொல்லாத."

"ரத்தம் இப்படிக் கொட்டுது, உனக்கு ஜெல்லைப் பத்தின கவலையா?"

"கேன்சரா இருந்தாலும் தூங்கிட்டுச் சாவேன். அந்தப் பழைய மனுஷியா மட்டும் என்னால திரும்ப முடியாது. நீ அவளைப் பார்த்ததில்ல. உங்கிட்ட நான் காட்டினதே பாதிதான்."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டபின் டாக்டரம்மா படத்தை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"கர்ப்பப்பை உள்சவ்வு ரொம்பத் தடிச்சிருக்கு. மாத்திரை தவறாம எடுக்கறீங்கதானே?"

"எடுக்கறேங்க."

"விடாம?"

"விடாமங்க."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மாத்திரை எடுத்தும் இப்படின்னா, இந்த மருந்து உங்களுக்குச் சரிப்படலை. ஜெல்லை நிறுத்திடுவோம். இனிமே இது உங்களுக்கு வேண்டாம்."

எதைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ, அந்தப் பொய்யே அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அக்காவின் கை மாஸ்டரம்மாவின் தோளில் வந்து விழுந்தது. அது 'சொல்லு' என்றதா, 'நான் சொல்கிறேன்' என்றதா தெரியாது. அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எடுக்கலைங்க. ஆறு மாசமா எடுக்கலை. காலையில போட்டு மெஷின்ல தூங்கினேன், விரல் போயிருக்கும், அதான் விட்டேன். அக்காவும் போடறதில்ல, நல்லாத்தான் இருக்காங்க."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

"எடுத்தாச்சுங்க," என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"ஜெல் அந்த உள்சவ்வை வளர்த்துக்கிட்டே இருக்கும்மா. வளர்ந்ததை அடக்கறதுதான் மாத்திரையோட வேலை. கர்ப்பப்பை இல்லாதவங்களுக்கு அந்த வேலையே கிடையாது. உங்க தங்கச்சிக்கு இருக்கு. தனியா ஜெல்லை மட்டும் போட்டா இதுதான் நடக்கும். தூக்கம் வரும்னுதான் அதை ராத்திரிக்கு எழுதினேன்." குரல் உயர்ந்து, பிறகு தணிந்தது. "முதல் கறை பட்டப்பவே வந்திருந்தா, காலையில வேண்டாம், ராத்திரி போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் இத்தனை மாதம் செருப்புக்குள் ரத்தத்தோடு நின்றாள்.

உள்ளிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஜெல் கிடையாது. தீ ஒரு வாரத்திலேயே திரும்பியது, வட்டியும் முதலுமாக. மாஸ்டரம்மா தானாகவே சூப்பர்வைசரிடம் போய், "இப்போதைக்குக் கத்தி வேண்டாங்க," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் ஜன்னலோர இடத்தைக் காலி செய்து கொடுத்தார். அங்கே உட்கார்ந்து நூல் நறுக்கினாள். கணவர் மறுபடி டம்ளரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். இந்தத் தடவை அவள் பின்னாலேயே போய், "இங்கயே குடிங்க, நான் காதைப் பொத்திக்கறேன்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

முடிவு வந்தது. கேன்சர் இல்லை. ஆனால் சவ்வு கெட்டுப்போகும் வழியில் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறது. இனி மாதத்தின் பின்பாதி என்ற கணக்கு இல்லை. தினமும், படுக்கும் நேரத்தில், மாத்திரை. சில மாதம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெல்லைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கலாம்.

"அப்ப எடுக்கற சோதனையில சரியில்லன்னு வந்தா?"

"அப்ப கர்ப்பப்பையை எடுக்கறதைப் பத்திப் பேசணும்," என்றார் டாக்டரம்மா. ஆறுதலுக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அது மாஸ்டரம்மாவுக்குப் பிடித்திருந்தது. "எது வந்தாலும் மறைக்காதீங்க. கறை பட்டாலும் சரி, மயக்கம் வந்தாலும் சரி. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

வெளியே வராந்தாவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இந்த வாரங்களில் அவளும் இளைத்துவிட்டாள். கேட்டு முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"எல்லாம் என்னாலதான். இனிமே தினம் ராத்திரி நானே போன் பண்ணி, மாத்திரை போட்டியான்னு கேக்கறேன். தூங்கியிருந்தாலும் விடமாட்டேன், எழுப்பிக் கேப்பேன்."

"தூங்க வைக்கிற மாத்திரையைப் போட்டியான்னு எழுப்பிக் கேக்கப்போறியாக்கா?"

அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு முடிவதற்குள்ளாகவே மாஸ்டரம்மாவின் நெஞ்சுக்குள் அந்தத் தீ கிளம்பிவிட்டது. ஜெல் இன்றைக்குத் தொடங்கினாலும் வேலை செய்ய வாரங்கள் ஆகும்; அது அவளுக்குத் தெரியும். சுவரில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அவள் கையிலிருந்த ஸ்கேன் கவரை வாங்கி, அவள் பிடரியில் விசிறத் தொடங்கினாள்.