மணி கட்டிய குடுக்கை

திரையில் இரண்டு வரிசைகளும் அப்படியே பொருந்தின. ஒன்று, ஜெரோப் முர்சிக் என்கிற புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்டின் ஜீனோம். மற்றது, எல்டோரெட் நகர மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் கேப்சூலில் இருக்கிற ஈஸ்ட்டினுடையது.

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் அவினோ கண்ணாடியைக் கழற்றினார். "குடலுக்கு நல்லது செய்யற புது ஈஸ்ட்டுன்னு சொன்னே. இது கடைச்சரக்கு. லேப்ல எங்கயோ கலந்துடுச்சு. விட்டுட்டு வேற தலைப்பு எடும்மா."

"அந்தக் கேப்சூல் நம்ம லேப்புக்குள்ள வந்ததே இல்ல மேடம். அப்போ பால் வந்த குடுக்கையிலயே இருந்திருக்கணும். இன்னொரு தடவை மாதிரி எடுத்துட்டு வரேன்."

"வருங்கால மாமியார்கிட்ட போய், பால்ல மருந்து கலந்தீங்களான்னு கேக்கப் போறியா?"

"கேப்பேன். பக்குவமா."

"ஒரே ஒரு தடவைதான். கல்யாணம் நின்னா என்னைச் சொல்லாதே."

ஜெரோப் சிரித்தாள். ஆனாலும் மாமியார் ஊரான இத்தேனுக்குப் போகும் மட்டாட்டு வேனில் அவளுக்கு ஒரே நினைப்புதான். இந்த ஈஸ்ட் போனால் அவளுடைய ஆராய்ச்சியே போயிற்று.

வாசலில், அவளுக்கு நிச்சயித்த கிப்கெமோய் ஓட்டப் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். "என்னைப் பாக்க வந்தியா, எங்கம்மா பாலைப் பாக்க வந்தியா?"

"பாலை. நீ எங்கயும் ஓடிப் போயிட மாட்டே."

"நான் ஓடறதே தொழிலா வச்சிருக்கேன்டி."

உள்ளே அவன் அம்மா தப்சுபெய், ஜெரோப்பைக் கண்டதும் உகாலிக் களி கிண்டுவதை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். சுவரில் ஒரு குடுக்கை மட்டும் தொங்கியது. கழுத்து கோணல், புகையேறி முழுக்கக் கறுத்தது. ஜெரோப் அதையே பார்த்தாள். முதன்முதலாக இங்கே வந்த அன்று அவளுக்குப் பால் ஊற்றிய, அவள் மாதிரி எடுத்த குடுக்கையின் வாரில் நீல மணி கோத்திருந்தது.

"அத்தை, அந்த மணி கட்டின குடுக்கை எங்கே?"

தப்சுபெய் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

"எது?" என்றான் கிப்கெமோய். "பக்கத்து வீட்டு தப்ராந்திச் அத்தையோடதா?"

"வாயை மூடுடா." அப்புறம் அவள் தணிந்தாள். "அன்னிக்கு நம்ம பால் ரொம்பப் புளிச்சுப் போச்சும்மா. முதல் தடவை வர்ற பொண்ணுக்கு அதையா ஊத்துவேன்? நீ மூஞ்சியைச் சுளிச்சுட்டு, என் பையன் வேண்டாம்னு போயிட்டா? அதான் இரவல் வாங்கினேன். நீ குழாய்ல எடுத்துக்கிட்டப்பவும் சொல்ல வெக்கமா இருந்துது."

"அவங்க பால்ல மருந்து ஏதாவது..."

"பேரனுக்குப் பேதி. கேப்சூலை முழுங்க மாட்டேன்னு அடம். பிரிச்சுக் குடுக்கைலயே கொட்டிட்டா அவ."

ஜெரோப்புக்குச் சிரிப்பு பொங்கியது. ஜீனோம் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை.

"அத்தை, இப்போ உங்க குடுக்கைலேர்ந்து ஊத்துங்க."

"இதுவா? வேண்டாம்மா..."

"ஊத்துங்க."

குடுக்கைக்குள் பூசும் கரி கலந்த சாம்பல் நிறப் பால். முதல் மிடறில் நாக்கு சுருண்டது. ஜெரோப் முகம் சுளிக்காமல் குவளையைக் காலி செய்தாள். பிறகு மாதிரி எடுக்கச் சோதனைக் குழாயை நீட்டினாள்.

"அம்மா, இவ பொய் சொல்றா, கண்ணுல தண்ணி நிக்குது," என்றான் கிப்கெமோய்.

லேபில் பார்த்தபோது அந்தப் பாலில் இருந்தது வேறு ஈஸ்ட், பால் சர்க்கரையைத் தின்று வளர்கிற இனம். டாக்டர் அவினோ பக்கத்தில் உட்கார்ந்து, அதன் ஜீனோமில் ஒவ்வொரு மரபணுவாகத் தேடச் சொன்னார். வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் மரபணுக்கள் இருந்தன. குடல் சுவரைப் பற்றிக்கொள்ள உதவுபவையும் இருந்தன. பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் போகிற மாற்றமோ, நோய் உண்டாக்கும் அடையாளமோ தென்படவில்லை.

"ஜீனோம் இருக்கறதைத்தான் சொல்லும், செய்யறதைச் சொல்லாது," என்றார் அவர். "இனி அமிலத்துல போட்டுப் பாரு. தலைப்பை மாத்த வேண்டாம்."

ஜெரோப் உடனே இத்தேனுக்குப் போன் செய்து, அத்தையின் பால்தான் தேறியது என்றாள்.

"அப்போ கல்யாணத்தன்னிக்கு எல்லாருக்கும் எதுலேர்ந்து ஊத்தறது?" என்று கேட்டாள் தப்சுபெய்.

"உங்களோடதுலேர்ந்துதான் அத்தை."

"சரி. அப்போ நீ வரப்போ டவுன்லேர்ந்து நீல மணி வாங்கிட்டு வா."