உள்ளிருந்து திறக்காத கதவு

அருள்ஜோதியின் மகள் டானியலாவைக் குழந்தை நல அதிகாரிகள் வளர்ப்புக் குடும்பத்திடம் கொண்டுபோன செவ்வாய்க்கிழமையிலிருந்து, புக்கிட் பாத்தோக் ஆறாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் கம்பிக்கதவு உள்ளே இருப்பவர்களுக்குத் திறப்பதில்லை. வெளியே நின்று யார் தொட்டாலும் திறந்துகொள்ளும். ஒருமுறை பூனை உரசியதற்கே திறந்தது. பூட்டுக்காரர் மூன்று தடவை பூட்டை மாற்றினார், நான்காம் தடவை கதவையே மாற்றினார். புதுக் கதவும் பழையது செய்ததையே செய்தது. வீட்டை மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் அன்றைய மாலைப் பூசையைத் தவறவிட்டார். அருள்ஜோதி கம்பி வழியே கையை வெளியே விட்டுத் தொட்டும் பார்த்தாள். அது யாருடைய கை என்று கதவுக்குத் தெரிந்திருந்தது.

டானியலாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பா சவரிராஜ் கப்பல் பட்டறையில் ஃபோர்மேன்; அருள்ஜோதி தேக்காவில் ரவிக்கை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். மதியம் பாலர் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்து சோறு போட்டுவிட்டு, கம்பிக்கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டை மாட்டி, "அழக்கூடாது. டிவி பாத்துக்கிட்டு இரு. அம்மா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுவாள். பூட்டிய வீடுதான் பத்திரம் என்று அவள் மனதார நம்பினாள். நான்கு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் பிள்ளை நூடுல்ஸ் வேகவைக்கப் போய்த் திரைச்சீலை பற்றிக்கொண்டது. புகையைப் பார்த்த பக்கத்து வீட்டு ரவூப் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டார். பிள்ளைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் வந்தவர்கள், பூட்டு எந்தப் பக்கம் தொங்கியது என்று எழுதிக்கொண்டார்கள்.

அதனால் அருள்ஜோதிக்கு ரவூப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அவர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்று நாள் தவறாமல் புலம்பினாள். விதியைப் பாருங்கள், அந்தக் கதவை அவர்தான் தினமும் திறந்துவிட வேண்டியிருந்தது. அதிகாலைத் தொழுகை முடித்து அவர் வரும்வரை கணவனும் மனைவியும் செருப்பு மாட்டிக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நிற்பார்கள். "திறக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். அவள் ஒன்றரை வருடம் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

பிள்ளையைத் திருப்பித் தரலாமா என்று பார்க்க நிவேதிதா என்ற அதிகாரி வந்தாள். அலமாரியைத் திறந்தாள், ஜன்னல் கம்பியை ஆட்டினாள், பள்ளி விட்டால் யார் கூட்டிவருவார்கள் என்று கேட்டாள். சனிக்கிழமைகளில் பெற்றோர் வகுப்பு. ஞாயிறு மதியம் கண்ணாடி வைத்த அறையில் டானியலாவோடு ஒரு மணி நேரம். பிள்ளை மடியில் உட்கார்ந்ததா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தது என்பதும் பதிவானது. எதைக் கேட்டாலும் அருள்ஜோதி வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பூட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "சும்மா கீழ கடைக்குப் போனேன், அவ்வளவுதான்" என்பாள். அதிகாரி வரும் நாட்களில் கதவு சாத்திக்கொள்ளாமல் ஐந்து கிலோ அரிசிப்பையை முட்டுக்கொடுத்து வைத்தாள். இரண்டு வருகை இப்படி ஒப்பேறியது.

மூன்றாம் வருகையில் நிவேதிதா, பாவம் வீட்டுக்காரி மறந்துவிட்டாள் என்று நினைத்து, அரிசிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. போகும்போது அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தாள். கடைசி வீடு அது. அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமில்லை. ரவூப் அஞ்சு மணிக்குத்தான் வருவார் என்று சவரிராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"எனக்கு நாலு மணிக்கு இன்னொரு கேஸ் இருக்கு லா," என்றாள் நிவேதிதா. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். பூட்டிவிட்டுப் போன நாட்களில் டானியலாவும் அதே இடத்தில்தான் நிற்பாள். இரண்டு மணி நேரம் அருள்ஜோதி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கடைக்குப் போகலங்க," என்றாள். "தினம் ஆறு மணி நேரம். நாலு மாசம். பூட்டிட்டுத்தான் போனேன். அவ அழுறது லிஃப்ட் வரைக்கும் கேக்கும்."

நிவேதிதா அதை எழுதிக்கொண்டாள். ரவூப் வந்து கதவைத் தொட்டபோது, அருள்ஜோதி முதல் தடவையாக அவரிடம், "நல்லவேளை அன்னைக்கு போன் பண்ணீங்க பாய்," என்றாள். எல்லாம் போயிற்று என்று நினைத்து அன்று முழுக்க அழுதாள். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது: சோதனையாக ஒரு நாள் பிள்ளை வீட்டில் இருக்கலாம்.

தெம்பனிஸில் இருந்த வளர்ப்பு வீட்டிலிருந்து டானியலா எட்டு வயதுக்காரியாக வந்தாள். அவள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உடன் வந்த நிவேதிதா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை திரும்பிக் கைப்பிடியை இழுத்தாள், திறந்துகொண்டது. பதினான்கு தடவை மூடி மூடித் திறந்தாள். பிறகு வெளியே போய், கதவைச் சாத்தி, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அழக்கூடாது. டிவி பாத்துக்கிட்டு இருங்க. நான் வந்துருவேன்," என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள். அருள்ஜோதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூடாது என்றுதான் பார்த்தாள், முடியவில்லை. மூன்று நிமிடத்தில் பிள்ளை திரும்பி வந்ததாக அறிக்கையில் இருக்கிறது.

டிசம்பரில் டானியலா ஒரேயடியாக வீட்டுக்கு வந்தாள். காலை ஆறரைக்குப் பள்ளிப் பையோடு அவள்தான் கதவைத் திறக்கிறாள், அம்மாவும் அப்பாவும் பின்னால் போகிறார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ரவூப் வருகிறார். அந்த மாடியில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சில நாட்களில் பிள்ளை கைப்பிடியில் கை வைத்தபடி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள். பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிவிடும்தான். அருள்ஜோதி அவசரப்படுத்துவதில்லை.