மூன்று மில்லிமீட்டர் இளக்கம்

1

இந்தக் கதை என் உடம்புச் சூட்டிலிருந்து பிறந்தது. உருவகமெல்லாம் இல்லை. என் அக்கா ரைபிள் போட்டிக்காரி. போட்டிக்கு முந்தின நாள், சுடும்போது அவள் போடும் கோட்டைச் சோதித்தார்கள், தேறவில்லை. சாயங்கால மறுசோதனைக்குள் யாராவது அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இளக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் நாளெல்லாம் சும்மா உட்காரத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்தாளன்.

2

முதல் தொடக்கம்: “மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பரிசோதகரின் கண்களில் ஈவிரக்கமே—”

வேண்டாம். அவர் கண்களில் தூக்கம்தான் இருந்தது. காலையிலிருந்து ஊரார் வியர்வையைப் புரட்டிப் புரட்டி அளந்துகொண்டிருக்கும் மனிதரை வில்லனாக்க எனக்கே மனம் வரவில்லை.

இரண்டாம் தொடக்கம், பாடம் மாதிரி: ரைபிள்காரர்கள் போடும் கோட்டு தடித்த கேன்வாஸ். விறைப்பாக இருந்தால் முதுகைத் தாங்கும், உடம்பு ஆடாது. ரொம்பவும் விறைத்தால் ஆள் சுடுகிறாரா கோட்டு சுடுகிறதா என்று சந்தேகம் வரும். அதற்காக ஒரு விதி. துணியை மேசையில் விரித்து, எடை கட்டிய சின்ன உருளை ஒன்றை அதன்மேல் இறக்குவார்கள். துணி மூன்று மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். அக்காவுடையது இரண்டு புள்ளி ஒன்பதில் நின்றுவிட்டது.*

* ஆக, நல்ல கோட்டு என்பது ஃபெயிலாவதற்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நிற்பது. என் கதைகளைப் பற்றி ஒரு பத்திரிகை ஆசிரியரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். ‘இழை’ மட்டும் இல்லை.

3

குற்றம் முதுகுப் பக்கத்துத் துணியில். அதை அக்காதான் போன மாதம் புதிதாக மாற்றித் தைத்திருந்தாள். அவள் முதுகெலும்பில் வட்டு தேய்ந்துவிட்டது. பழைய துணி தாங்கவில்லை. கோட்டே இல்லாமல் வெறும் சட்டையோடும் சுடலாம், விதி தடுக்காது. முதுகு தடுக்கும்.

பரிசோதகர் இடம் மாற்றி மாற்றி உருளையை வைத்துப் பார்த்தார். பிறகு, “இதுக்கு மேல நான்தான் கையால அழுத்தினேன்னு ஆயிடும் மேடம். போட்டுப் பழக்கிட்டுக் கொண்டாங்க. எந்தக் கருவியாலயும் சூடு காட்டக் கூடாது” என்றார்.

மனுஷன் கருவியா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்களைப் பாத்தா எதுக்கும் பயன்படற மாதிரி தெரியல சார். போட்டுக்குங்க.”

4

எனக்குப் பொத்தான் எட்டவில்லை. கை இரண்டும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி விரிந்து நின்றன. உடை மாற்றும் அறையின் நீளப் பலகையில் அக்கா முழங்காலை மடக்கி மல்லாந்து கிடந்தாள். வலிக்கும்போது அவள் அப்படித்தான் கிடப்பாள்.

இந்த இடத்தில் “அவள் கண்களில் வெற்றித் தாகம்” என்று எழுதி அடித்துவிட்டேன். கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியேதான் பேசினாள்.

“தேறலைன்னா நல்லாத்தான்டா இருக்கும்.”

“என்னக்கா சொல்ற?”

“நான் விட்டேன்னு ஆகாதுல்ல. கோட்டு விட்டுடுச்சுன்னு போயிடும். உங்க மாமா, பசங்க, கோச்சு, யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்ல.”

“அப்ப கழட்டிடட்டுமா?”

கையை நீட்டிக் கோட்டு நுனியைத் தடவிப் பார்த்தாள்.

“வேர்க்குதா?”

“ஊத்துது.”

“அப்ப இளகுது” என்றாள். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கதாபாத்திரத்தை உள்ளும் புறமும் அறிந்தவன் எழுத்தாளன் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த மேடைகள் மன்னிக்கட்டும்.

5

முடிவு அ: தேறுகிறது. நாளைக்குச் சுடுகிறாள். அப்புறம் அடுத்த போட்டி, அதற்கடுத்தது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இதே பலகை.

முடிவு ஆ: தேறவில்லை. எல்லோரும் விதியைத் திட்டுகிறார்கள். அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு [இங்கே அழுகிறாள் என்று போட்டால் சிரிக்கிறாள் போலவும், சிரிக்கிறாள் என்று போட்டால்

இரண்டும் சரிப்படவில்லை.

6

நடந்தது இவ்வளவுதான். அவள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, நெற்றிச் சுருக்கம் விலகி, அசல் தூக்கம். அப்போது ஒலிபெருக்கியில் மறுசோதனைக்கு அவள் எண்ணை அழைத்தார்கள்.

கோட்டைப் போட்டபடியே மேசைவரை நடந்தால் சூடு ஆறாது, அநேகமாகத் தேறிவிடும். கழற்றி, ஏசிக்கு நேர் கீழே கிடக்கும் இரும்பு நாற்காலியில் போட்டால், அவள் எழுந்து முகம் கழுவுவதற்குள் துணி மறுபடி விறைத்துவிடும். நான் எதைச் செய்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. பேனாவால் எத்தனையோ பேர் விதியை எழுதியவன் நான். இதற்குக் கை வரவில்லை.

நீங்கள் அவளுக்குத் தம்பி இல்லை, நிதானமாக யோசிப்பீர்கள். இந்தாருங்கள், கோட்டைப் பிடியுங்கள். கனமாக இருக்கும். ஈரம் என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போய் அவளை எழுப்புகிறேன்.

மெதுவாகத்தான் எழுப்புவேன்.