ஆமைகளுக்கு ஒரு விழா

“ஆமைக்குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கமெண்டு ஆரம்மா சொல்லிக் குடுக்கிறது?” என்று மகள் கேசிகா ஒருமுறை கேட்டாள்.

“வெளிச்சம் தெரியிற பக்கம் போகுமாம்” என்றாள் குகனேஸ்வரி. மொண்டெல்லோக் கடற்கரையில் ஆமைக்கூட்டைக் காவல்காத்த தொண்டர்கள் அவளுக்குச் சொன்னது அது.

அந்தக் கூட்டை ஓர் எண்ணெய்க் கம்பனி தத்தெடுத்தது. கடலடியில் துளைபோடுவது கம்பனியின் தொழில். கடலை நேசிப்பது அதன் விளம்பரப் பிரிவின் தொழில். குஞ்சு பொரிக்கும் நாளை ஒட்டி மணலில் மேடை போட்டார்கள். தொண்டர்களைப் பதாகை பிடிக்க நிறுத்தினார்கள். விருந்தினருக்குப் பிளாஸ்டிக் தட்டில் இறால் வந்தது.

தட்டு ஏந்தியவள் குகனேஸ்வரி. விருந்து குறையில்லாமல் முடிந்தால் வேலை ஒப்பந்தம் எழுதித் தருவதாக உணவக முதலாளி சொல்லியிருந்தார். அது இல்லாமல் அவளுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. நாட்டில் இருக்கவே முடியாது.

மேடைக்குப் பின்னால் ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டவர் அருளையா. மகளுக்குச் சுகம் வந்தால் வெறுங்காலோடு மலையேறி, குகைக் கோயிலிலுள்ள புனிதை சாந்தா ரொசாலியாவிடம் வருவதாக நேர்ந்திருந்தார். மகள் தேறிவிட்டாள், அவருடைய முழங்கால்தான் வீங்கிக்கொண்டது.

உரைகள் நீண்டு இருட்டிவிட்டது. பெரிய விளக்குகள் எரிந்தன. மணல் அசைந்து குஞ்சுகள் வெளியே வந்தன. வந்தவை நேரே மேடையை நோக்கி நடந்தன.

“பாருங்கள், நமக்கு நன்றி சொல்ல வருகிறார்கள்!” என்றார் கம்பனித் தலைவர். கைதட்டலில் தொண்டர்களின் கூச்சல் அமுங்கிப்போனது.

குகனேஸ்வரி பின்னால் ஓடினாள். “அண்ணை, லைற்றை நிப்பாட்டுங்கோ! குஞ்சுகள் சப்பாத்துக்குள்ளை நசியப்போகுது.”

“விசரே பிள்ளை? உன்ரை ஒப்பந்தம் போயிடும்.”

அவள் மேடையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தானே சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

இருட்டில் கடல் மட்டும் மினுங்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

“யார் அணைத்தது?” என்று முதலாளி ஓடிவந்தார். குகனேஸ்வரி வாய் திறக்குமுன் அருளையா முந்திக்கொண்டார். “எண்ணெய் முடிந்துவிட்டது, ஐயா. நான்தான் கவனிக்கவில்லை.”

எண்ணெய்க் கம்பனியின் விழாவில் எண்ணெய் தீர்ந்தது. தலைவரின் முகம் யாருக்கும் தெரியாதபடி ஆண்டவன் இருட்டையும் தந்திருந்தான்.

மறுவாரம் கம்பனி அறிவித்தது: குஞ்சுகளின் நலனுக்காக விளக்குகளை அணைத்தது, நெடுநாள் ஆய்வுக்குப் பின் எடுத்த முடிவாம். அதற்கு ஒரு விருதும் கிடைத்தது. முதலாளி மகிழ்ந்து குகனேஸ்வரிக்கு ஒப்பந்தம் எழுதினார். அருளையாவை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

“உண்மையைச் சொல்லப்போறன், அண்ணை.”

“வாயை மூடு. வேலை வேறை கிடைக்கும். அந்த நேர்த்திதான் கிடந்து உறுத்துது. இந்தக் காலோடை ஏறேலாது.”

ஞாயிறு விடியலில் குகனேஸ்வரி மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். கல்லும் முள்ளும் குத்த ஏறினாள். குகைக் கோயிலில் அந்நேரம் ஒருவரும் இல்லை. மெழுகுதிரியை ஏற்றி, “அருளையா அண்ணை வந்திருக்கிறார், தாயே” என்றாள். இறங்கி வந்து அடிவாரத்தில் கால் துடைத்து, செருப்பு மாட்டி, வீடிருக்கும் சீசாப் பகுதிக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தாள்.