புல்லை மிதிக்காதே

டெல்மோவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். சைப்ரஸில் வந்து இறங்கிய இரண்டாவது வாரம் சிவந்த காது, கிறிஸ்துமஸ் நெருங்கியும் ஆறவில்லை.

அவன் ஊர் வட போர்ச்சுகலில், ஷூ கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் ஃபெல்கெய்ராஸ். அம்மாவும் அவனும் ஒரே கம்பெனியில் அடித்தோல் ஒட்டினார்கள். பகலெல்லாம் பசை, சாயங்காலம் பந்து. மூன்றாம் பிரிவுக் கிளப் ஒன்றில் இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன். பந்து மட்டுமே ஆடிச் சம்பளம் வாங்கும் வாய்ப்பு அவனுக்கு இருபத்துமூன்று வயதில்தான் வந்தது. அதுவும் கடல் தாண்டி, லார்னகாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கிளப்பில். ஏஜென்ட் ஒராசியோ செய்து கொடுத்த ஏற்பாடு அது. பசை டப்பாவை மூடி வைத்த அன்று, இதை இனிமேல் என் ஆயுசில் திறக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவனை அழைத்த பயிற்சியாளரை இரண்டே வாரத்தில் துரத்திவிட்டார்கள். புதிதாக வந்தவர் கிளப் தலைவர் பம்போஸின் கைப்பாவை. பம்போஸ் சிமெண்ட் வியாபாரி, ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவர், மீதிப் பேரைத் திட்டுபவர். அவருடைய மருமகன் இடது ஓரத்துக்கு வேறொரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். போதாதா?

"மகனே, நீ ஊருக்குப் போயிடு. உனக்கு இங்க இடமில்ல" என்றார் பம்போஸ், காப்பியை உறிஞ்சிக்கொண்டே. அந்த ஊரில் கழுத்தை அறுக்கிறவனும் 'மகனே' என்றுதான் கூப்பிடுவான்.

"ஒப்பந்தம் ஜூன் வரைக்கும் இருக்கு. நான் போக மாட்டேன்" என்றான் டெல்மோ.

"போவே" என்றார் பம்போஸ்.

மறுநாளிலிருந்து அவனுக்குத் தனிப் பயிற்சி. மற்றவர்கள் காலையில் ஆடி, குளித்து, சாப்பிடப் போன பிறகு, மண்டையைப் பிளக்கும் உச்சி வெயிலில் அவன் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பந்து கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் போதும், ஒழுங்கை மீறினான் என்று ஒப்பந்தத்தைக் கிழித்துவிடலாம். பிரிவு பிரிவாக இறங்கி வெளிநாட்டில் பிழைக்கும் எந்தப் பந்தாட்டக்காரனைக் கேட்டாலும் இந்த வைத்தியத்தைப் பற்றிச் சொல்வான். ஆளை அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஓட விட்டால் அவனாகவே ஓடிப்போய்விடுவான்.

"ஒரு நாள்கூடத் தவறாதே" என்று அபிலியோ சொல்லிக் கொடுத்தார். அணியின் கேப்டன், நடுத் தடுப்பாட்டக்காரர், வயது முப்பத்தாறு. அவரும் போர்ச்சுகல்காரர்தான். ருமேனியா, போலந்து என்று அலைந்து, இதே வைத்தியத்தை மூன்று ஊர்களில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். "சிரிச்சுக்கிட்டே ஓடு தம்பி. அதுலதான் அவனுங்களுக்கு வயிறு எரியும்."

"எனக்குச் சிரிப்பு வரல அண்ணே. எவனையாவது கடிக்கணும் போல இருக்கு."

"கடிச்சிடாதே. பல்லு போச்சுன்னா அதுக்கும் உன்னைத்தான் குத்தம் சொல்லுவானுங்க."

டெல்மோ ஓடினான். ஆகஸ்டில் ஓடினான், அக்டோபரில் ஓடினான். சிரிக்க மட்டும் வரவில்லை. வேலிக்கு வெளியே காப்பிக் கடையில் தாயம் உருட்டும் கிழங்கள் அவனுக்குப் 'பேய்' என்று பெயர் வைத்தார்கள். ஆட்டத்தில் கண்ணில் படாதவன், ஆனால் மைதானத்தை விட்டுப் போகாதவன். பெயர் பொருந்தித்தான் இருந்தது, அதனாலேயே அவனுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

நவம்பரில் ஒராசியோ கூப்பிட்டார்.

"டேய், அதிர்ஷ்டக்காரா! நம்ம போர்ச்சுகல்லயே இரண்டாம் பிரிவுக் கிளப் ஒண்ணு, மலைப்பக்கம். அவங்க இடது ஓரத்து ஆளுக்குக் கால் முறிஞ்சு போச்சு. ஜனவரியில உன்னைக் கேக்கறாங்க. முழு நேர ஆட்டம்டா!"

டெல்மோ ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஒரே ஒரு விஷயம். காது குடுத்துக் கேளு. ஒரு சீசன்ல ரெண்டு கிளப்புக்குத்தான் ஆடலாம். ஆகஸ்டுல இங்கேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி பழைய கிளப்புக்கு ஒரு கோப்பை மேட்ச்ல கடைசியில இறங்கினியே, அது ஒண்ணு. அங்க நீ இன்னும் இறங்கல. இறங்கினா அது ரெண்டாவது. அப்புறம் இவங்களுக்கு ஆட முடியாது, இவங்க உன்னைத் தொடவும் மாட்டாங்க. ஒரு நிமிஷம் இறங்கினாலும் இறங்கினதுதான். புரியுதா? புல்லை மிதிச்சுடாதே!"

டெல்மோ சிரித்துவிட்டான். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "என்னை எவன் அண்ணே இங்க இறக்கி விடறான்?"

ஆடுவதற்காக ஆடாமல் இருக்க வேண்டும். உலகத்தில் வேறெந்தத் தொழிலில் இப்படி ஒரு கூத்து உண்டு?

ஜனவரியில் விடுவிக்கிறோம் என்று பம்போஸ் உடனே தலையாட்டிவிட்டார். கையைக் குலுக்கினார், முதுகில் தட்டினார், அவன் அம்மாவைக்கூட விசாரித்தார். டெல்மோ வீட்டுக்கு வந்து சொன்னதும், உருளைக்கிழங்கோடு கருவாட்டு மீனை வேகவைத்துக்கொண்டிருந்த அபிலியோ அடுப்பை அணைத்தார்.

"பம்போஸ் சிரிச்சானா?"

"சிரிச்சார்."

"பையைத் தடவிப் பாருடா. என்னத்தையோ எடுத்துட்டான்."

எடுத்தது என்னவென்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தன்று தெரிந்தது. மாற்று ஆட்டக்காரர்களில் டெல்மோவின் பெயர் இருந்தது. கிளப் வைத்தியர் காலையிலேயே அவனைப் படுக்கவைத்துத் தொடையையும் முட்டியையும் அமுக்கிப் பார்த்து, "குதிரை மாதிரி இருக்கான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தொழிலில் விதி தெரியாத முதலாளி கிடையாது. அது தெரியாதவன் எப்போதும் ஆட்டக்காரன்தான். போகச் சொல்லியும் நாலு மாதம் எதிர்த்து நின்றவன் நல்லபடியாகப் போய்விடக் கூடாது என்று பம்போஸுக்கு வீம்பு.

"இறங்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றான் டெல்மோ, உடை மாற்றும் அறையில்.

"சொல்லு. பம்போஸ் பெஞ்சுக்குப் பின்னாடி ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான் பாரு. அணிக்கு ஆட மறுத்தான்னு படம் எடுத்து வழக்குப் போடுவான். ஜனவரியில உன்னை விட மாட்டான். தீர்ப்பு வர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும்."

"அப்ப என்னதான் அண்ணே பண்றது?"

அபிலியோ ஷூ நாடாவை இறுக்கினார். டெல்மோ சுவரை ஓங்கிக் குத்தினான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எதிரணிக்குச் சமநிலையே வெற்றி மாதிரி, தங்கள் பாதியில் குந்திக்கொண்டார்கள். முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் திரும்பாமலே விரலை ஆட்டினார். "டெல்மோ. தயாராகு."

பெஞ்சுக்குப் பின்னால் பம்போஸ், கையில் ஃபோன்.

டெல்மோ மேல்சட்டையைக் கழற்றினான். கோட்டுக்கு வெளியே போய் நின்றான். துணை நடுவர் எண் பலகையைத் தூக்கிப் பிடித்தார். இனி பந்து கோட்டைத் தாண்டினால், அல்லது நடுவர் ஊதி ஆட்டம் நின்றால், அவன் உள்ளே. அதுவரை வெளியே.

அபிலியோ பலகையைப் பார்த்தார். டெல்மோவைப் பார்த்தார். பிறகு நடுவில் ஆடிய இரண்டு போர்ச்சுகல்காரர்களைப் பார்த்துத் தன் மொழியில் கத்தினார்.

"பந்தை வெளிய விடாதீங்கடா! செத்தாலும் விடாதீங்க!"

அந்த ஊர் அதுவரை பார்த்திராத ஆட்டம் ஒன்று தொடங்கியது. அபிலியோ ஒருவனுக்குத் தட்டினார், அவன் இன்னொருவனுக்கு, அவன் திரும்பவும் அபிலியோவுக்கு. முன்னே போவதும் இல்லை, கோல் பக்கம் திரும்புவதும் இல்லை. எதிரணிக்காரர்கள் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார்கள், அவர்களுக்கென்ன நஷ்டம்? கூட்டம்தான் கொதித்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் கேப்டன் பந்தை வைத்துத் தாலாட்டுகிறானே!

"டேய் கிழட்டுக் கழுதை! முன்னாடி அடிடா!"

"எவ்வளவுடா வாங்கினே, வெட்கங்கெட்டவனே?"

அபிலியோ காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஒருமுறை பந்து கோட்டை நோக்கி உருண்டபோது, பாய்ந்து விழுந்து, நுனிக்காலால் இழுத்துக் காப்பாற்றினார். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார். வாய்விட்டு முனகவில்லை. முனகினால் நடுவர் ஊதிவிடுவாரே. டெல்மோவின் கண் கலங்கியது. யாருக்காக இந்த மனுஷன் இந்த வயதில் வசவு வாங்குகிறார்? அம்மாவைத் தவிர அவனுக்காக யாரும் இப்படிப் போராடியது இல்லை.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான். நெருக்கடியில் ஒருவன் பந்தைப் பின்னால் கோல்காப்பாளரிடம் தட்டினான். அவன் உள்ளூர்ப் பையன், போர்ச்சுகீஸ் ஒரு சொல்லும் தெரியாது. பம்போஸ் ஃபோனும் கையுமாகக் கோலுக்குப் பின்னாலேயே ஓடிவந்துவிட்டார்.

"அடிடா வெளிய! உங்கப்பனுக்கு நாளைக்கு வேலை வேணுமா வேண்டாமா? அடி!"

பையன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

விசில். எண் பலகை மறுபடி உயர்ந்தது. டெல்மோ புல்லைப் பார்த்தான். பம்போஸின் ஃபோனைப் பார்த்தான். வழக்கில் மாட்டிக்கொண்டு ஊருக்கே போக முடியாமல் கிடப்பதா, இறங்கித் தொலைப்பதா? இரண்டு பக்கமும் குழிதான். உள்ளே காலை வைத்தான். ஜனவரி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

எதிரணி எறிந்த பந்தை நடுவில் ஒருவன் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு இடது ஓரத்துக்குத் தள்ளினான். அது டெல்மோவின் காலடிக்கு வந்தது. அவன் ஓடினான். நாலு மாதம் உச்சி வெயிலில் சுற்றிச் சுற்றி ஓடிய கால்களுக்கு நேராக ஓடக் கிடைத்தது. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் விழுந்தான். நிமிர்ந்து பார்த்து, இடது காலால் வளைத்து அனுப்பினான். கோல் வாசலில் யாரோ தலையைக் கொடுத்தார்கள்.

கோல். உடனே கடைசி விசிலும் ஊதிவிட்டது.

ஊரே மைதானத்துக்குள் பாய்ந்தது. 'பேய்' என்றவர்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், அதையும் தப்பாகக் கத்தினார்கள். பம்போஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"பிரமாதம் மகனே! சொன்ன சொல் தவற மாட்டேன். ஜனவரியில உன்னை விட்டுடறேன். எங்க வேணாலும் போ."

டெல்மோ கன்னத்தைப் புறங்கையால் துடைத்தான். "மனுஷனாய்யா நீ? தூ!" என்றான், போர்ச்சுகீஸில். பம்போஸ் புரியாமல் சிரித்தபடி அவன் முதுகில் தட்டினார்.

அறையில் அபிலியோ தனியாக, முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே பாட்டும் கூத்தும் கேட்டுக்கொண்டிருந்தன. டெல்மோவைப் பார்த்ததும் அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உள்ள இறக்கிட்டானுங்க, சரி. அது உன் தப்பில்ல. ஆனா அந்தப் பந்தை ஏன்டா எடுத்தே? சும்மா நின்னிருக்கலாம்ல? உன் வயித்துல அடிச்சவனுங்களுக்கு எதுக்குடா கோல் போட்டுக் குடுத்தே? உனக்கு ரோசமே கிடையாதா?"

டெல்மோ அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த ஓட்டத்தில் பம்போஸும் இல்லை, ஜனவரியும் இல்லை, பசை டப்பாவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்க நினைக்கத்தான் அவனுக்குத் தன் மேலேயே கோபம் பொங்கியது.

"என்ன அண்ணே பண்றது" என்றான். "பந்து என் காலுக்கு வந்துச்சே."